வேலியோர இலையைப் பறிக்குமுன் அதை இனங்காணக் கற்பிக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

ஐப்பசி மழை மண்ணை நனைத்து ஓரிரு கிழமைகளில், யாழ்ப்பாணத்தின் திருநெல்வேலி, சுன்னாகம், சாவகச்சேரி முதலான சந்தைகளில் தோட்டக் கீரைகளுக்குப் பக்கத்தில் எவரும் விதைக்காத இலைகளும் பிடி பிடியாக வந்து சேர்கின்றன. முசுட்டை, மொசுமொசுக்கை, தூதுவளை, வல்லாரை, சாரணை, தகரை, குறிஞ்சா, பிரண்டை ஆகியவற்றைத் தேடி வாங்குவோரில் இப்போது இளையோரும் கணிசமாக இருப்பதைக் காண்கிறேன். கொரோனாத் தொற்றுக் காலத்தில் குடிநீர்கள்மீது எழுந்த நாட்டமும், 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மரக்கறி விலையும் மருந்துத் தட்டுப்பாடும் கொடுத்த நெருக்குதலும் பல வீடுகளை மீண்டும் வேலியோரத்தை நோக்கித் திருப்பிவிட்டன. இது நல்ல திருப்பம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் உண்ணும் ஆர்வம் வளர்ந்த வேகத்தில் இனங்காணும் அறிவு வளரவில்லை. அந்த இடைவெளியைக் கைத்தொலைபேசியில் வரும் சிறு காணொளிகளும், யாரோ எடுத்து யாரோ பகிரும் படங்களும் நிரப்ப முற்படுவது எனக்குப் பெருங்கவலை தருகிறது. அதனாலேயே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இந்த அறிவு நம்மிடம் இல்லாமற் போனதற்குக் காரணம் தேடி வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்து வளவுகளைச் சுற்றி நின்ற உயிர்வேலிகளே அதைக் கற்பித்த இடங்கள். கிளுவை, பூவரசு, முள்முருக்கு, சீமைக்கிளுவை ஆகியவற்றின் கதியால்கள் துளிர்த்து நிற்க, அவற்றில் முசுட்டையும் குறிஞ்சாவும் சீந்திலும் கொவ்வையும் படர்ந்தன. வேலியடியின் ஈரத்தில் கீழ்க்காய்நெல்லியும் குப்பைமேனியும் கரிசலாங்கண்ணியும் முளைத்தன. மூலையில் ஆடாதோடை நின்றது. வீட்டில் ஒருவருக்குத் தடிமன் பிடித்தால் தூதுவளை ஆய்ந்துவரப் பிள்ளைகளைத்தான் அனுப்புவார்கள். பிழையான இலையோடு வந்த பிள்ளையை அம்மம்மா திருப்பி அனுப்பினார். சரியான இலையோடு வரும்வரை அனுப்பினார். முள் குத்திய விரல், கசங்கிய இலையின் மணம், கையில் ஒட்டிய பால் ஆகிய அனைத்தும் அந்தக் கல்வியின் பகுதிகள். இன்று வேலி இருந்த இடத்தில் மதில் நிற்கிறது. பாதுகாப்புக்கும் எல்லைத் தகராறு தவிர்ப்பதற்கும் மதில் எழுப்பியவர்களைக் குறைகூற நான் வரவில்லை. 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வின் பின் திரும்பி வந்தபோது பலருக்கு வேலியும் இருக்கவில்லை, வேலியைப் பராமரித்த முதியோரும் இருக்கவில்லை. மதிலோடு ஒரு பாடசாலையும் மூடப்பட்டது என்பதை மட்டும் நாம் உணர வேண்டும்.

1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தை நினைவிற் கொண்டவர்களுக்கு இந்த இலைகளின் பெறுமதியை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அரிசி குறைந்த வீட்டில் கஞ்சியை நிறைத்ததும், கறிக்கு வழியில்லாத நாளில் வறையாக வந்ததும், ஒடியற்கூழில் விழுந்ததும் இவையே. அக்காலத்தில் நம்மைக் காத்தது செடி மட்டுமன்று. எந்தச் செடி எது என்று சொல்லக்கூடியவர்கள் ஒழுங்கைக்கு ஒழுங்கை இருந்தார்கள்.

இனங்காணுதல் எவ்வளவு நுட்பமான செயல் என்பதற்குத் தகரையையே எடுத்துக்கொள்வோம். மழைக்குப் பின் வெறுங்காணிகளிலும் தெருவோரங்களிலும் கூட்டமாக முளைக்கும் தகரையின் இளந்தளிரை வறை வறுத்து உண்பது நம் வழக்கம். அதே காணியில், அதே பருவத்தில், அதே மஞ்சட் பூவோடு பேயாவரையும் முளைக்கிறது. பொன்னாவரை என்று அழைப்பவர்களும் உண்டு. தகரையின் கூட்டிலையில் பெரும்பாலும் 3 சோடிச் சிற்றிலைகளே இருக்கும். அவற்றின் நுனி அகன்று வட்டமாக முடியும். பேயாவரையில் 4 முதல் 6 சோடிகள் வரை இருக்கும். சிற்றிலையின் நுனி ஈட்டிபோல் கூராகும். கசக்கினால் குமட்டும் மணம் எழும். தகரையின் காய் மெலிந்து நீண்டு வளைந்தது, பேயாவரையின் காய் தட்டையானது. இந்த வேறுபாட்டை ஏன் இவ்வளவு விரித்து எழுதுகிறேன் என்றால், இந்தியாவின் உத்தரப்பிரதேச மாநிலத்தின் மேற்கு மாவட்டங்களில் ஆண்டுதோறும் மழைக்காலம் முடியும் வேளையில் சிறு பிள்ளைகள் திடீரென மயங்கி இறந்துகொண்டிருந்தார்கள். அது வைரசினால் வரும் மூளையழற்சி என்றே நெடுங்காலம் எண்ணப்பட்டது. பிள்ளைகள் விளையாட்டாக உண்ட பேயாவரை வித்துகளே ஈரலையும் தசையையும் மூளையையும் ஒருங்கே தாக்கின என்பதை அங்குள்ள மருத்துவர்கள் 2007ஆம் ஆண்டளவில் எடுத்துக்காட்டினார்கள். அந்தச் செடி நம் பாடசாலை மைதானங்களின் ஓரத்திலும் நிற்கிறது. நம் பிள்ளைகளுள் எத்தனை பேருக்கு அதைச் சுட்டிக்காட்டியிருக்கிறோம்?

வேலிக்கொடிகளிலும் இந்த மயக்கம் உண்டு. முசுட்டையும் சீந்திலும் இதய வடிவ இலையுடையவை. ஒரே வேலியில் ஒன்றன்மேல் ஒன்று படர்ந்திருக்கும். முசுட்டை இலையின் கீழ்ப்புறத்தைத் தடவினால் பட்டுப்போன்ற மயிர் விரலுக்குத் தெரியும். சீந்தில் இலை வழுவழுப்பானது, அதன் முற்றிய தண்டில் மெல்லிய தோல் உரியும், தண்டிலிருந்து நூல்போன்ற வேர்கள் தொங்கும். மொசுமொசுக்கையின் சொரசொரப்பான இலையும் சிறிய மஞ்சட் பூவும் உருண்டைச் சிவப்புப் பழமும் பழகியவர்களுக்குத் தெளிவானவை. ஆனால் அதே குடும்பத்தைச் சேர்ந்த ஐவிரலிக் கொவ்வையின் பழத்தில் வெள்ளை வரிகள் ஓடும், அது உண்ணத்தக்கதன்று. ஒரு படத்தில் இலையின் கீழ்ப்புறம் தெரியாது, மணம் தெரியாது, தண்டை உடைத்தால் பால் வருமா நீர் வருமா என்பதும் தெரியாது. ஆகவே இலையை மட்டும் பார்த்து முடிவெடுக்காமல், பூவும் காயும் வரும்வரை பொறுத்திருந்து, தெரிந்த ஒருவரோடு செடியடியில் நின்று உறுதிப்படுத்துவதே முறை. ஒரு செடியை ஒரு மழைக்காலம் முழுவதும் முளையிலிருந்து வித்துவரை பார்த்தவருக்கு அதன்பின் அது எளிதில் மாறிப்போகாது.

இவை எல்லாவற்றிலும் கொடியது கார்த்திகைக் கிழங்கு. கார்த்திகை மாதத்தில் மஞ்சளும் சிவப்பும் கலந்த தீச்சுடராய்ப் பூக்கும் இக்கொடியை, இலை நுனி சுருண்டு பற்றிக்கொள்ளும் தந்தாக மாறியிருப்பதைக் கொண்டு எவரும் இனங்காணலாம். ஆபத்து கொடி இருக்கும்போதன்று. கோடையில் கொடி காய்ந்து மறைந்தபின், மண்ணைக் கொத்தும்போது கலப்பை வடிவில் வளைந்த கிழங்கு மட்டும் வெளியே வருகிறது. அதை வற்றாளங்கிழங்கு என்றோ காட்டுவள்ளி என்றோ எண்ணி அவித்து உண்டவர்களைப்பற்றி நம் நாட்டு மருத்துவர்கள் 1970களிலேயே எழுதியிருக்கிறார்கள். அதிலுள்ள கொல்கிசீன் என்னும் நஞ்சு அவிப்பதால் அழியாது. சில மணித்தியாலங்களில் கடும் சத்தியும் வயிற்றோட்டமும் தொடங்கும். அவை சற்றுத் தணிந்ததுபோல் தோன்றும் வேளையில் என்புமச்சை பாதிக்கப்பட்டுக் குருதிக் கலங்கள் குறையும். உயிர் தப்பியவர்களுக்கு அடுத்த கிழமைகளில் தலைமயிர் கொத்தாக உதிரும். இலையோ பூவோ இல்லாமல் தனியே கிடைக்கும் எந்தக் கிழங்கையும் உணவாகக் கொள்ளக்கூடாது என்பதை ஒரு சட்டமாகவே வீடுகளில் வைத்துக்கொள்ள வேண்டும்.

செடியைச் சரியாக இனங்கண்டுவிட்டால் போதும் என்றும் இல்லை. அதை உண்பவர் யார் என்பதும் பார்க்கப்பட வேண்டும். குப்பைமேனியை அறியாதவர் நம்மில் குறைவு. சளிக்கும் சொறிக்கும் அதைப் பயன்படுத்துவது பழைய வழக்கம், இலைக்கஞ்சியிலும் சிலர் சேர்க்கிறார்கள். ஆனால் செங்குழியங்களில் ‘ஜி6பிடி’ என்னும் நொதியம் பிறப்பிலேயே குறைந்தவர்கள் குப்பைமேனி சேர்ந்த கஞ்சியைக் குடித்தபின் செங்குழியங்கள் உடைந்து, உடல் மஞ்சளாகி, சிறுநீர் கறுத்து வைத்தியசாலையில் சேர்க்கப்பட்ட சம்பவங்களை இலங்கை மருத்துவர்கள் 1990களில் பதிவு செய்துள்ளார்கள். இந்தக் குறைபாடு மலேரியா நெடுங்காலம் நிலவிய பிரதேசங்களில் கூடுதலாகக் காணப்படுவது. பெண்களைவிட ஆண்களையே அதிகம் தாக்குவது. அது தனக்கு இருப்பதை அறியாமலே ஒருவர் பல ஆண்டுகள் வாழ முடியும். எனவே வீட்டில் எவருக்காவது ஒரு மருந்தோ உணவோ எடுத்தபின் காரணமின்றி இரத்தம் குறைந்து மஞ்சள் பூத்த வரலாறு இருந்தால், அவருக்கு மட்டுமன்றி அவருடைய இரத்த உறவினர்க்கும் குப்பைமேனியைக் கொடுக்குமுன் வைத்தியரிடம் கேட்பது கட்டாயம்.

பாரம்பரியத்தில் இடம்பெற்ற ஒன்று என்பதாலேயே அது தீங்கற்றதாகிவிடாது என்பதற்கு ஆடுதீண்டாப்பாளையும் ஈசுரமூலியும் சான்று. இரண்டும் பூச்சிக்கும் விடத்துக்கும் கொடுக்கப்பட்டவை. இரண்டிலும் அரிசுத்தோலோக்கிக் அமிலம் உண்டு. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிவதற்கான மாத்திரையில் ஒரு சீன மூலிகைக்குப் பதிலாக, பெயரொப்புமையால், இதே பேரினத்தைச் சேர்ந்த வேறொரு செடி கலந்துவிட்டது. நூற்றுக்கு மேற்பட்டோரின் சிறுநீரகங்கள் அதனால் பாதிக்கப்பட்டன. அவர்களுட் பலருக்குப் பின்னர் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் இப்பொருளை மனிதரிடத்துப் புற்றுநோயை உண்டாக்குபவற்றின் முதலாம் தொகுதியில் வைத்திருக்கிறது. நம் பரியாரிமார் இவற்றைச் சிறு அளவில், சுத்திமுறைகளோடு கையாண்டார்கள் என்று மறுமொழி வரக்கூடும். அவர்கள்மீது எனக்கு உண்மையான மதிப்பு உண்டு. அரசர் காலத்திலேயே தமிழில் மருத்துவ நூல்கள் செய்யப்பட்ட மண் இது. ஆனால் பல ஆண்டுகள் கழித்து வெளிப்படும் சிறுநீரகப் பாதிப்பை நாடி பார்த்து அறிய முடியாது. இவ்விரு செடிகளையும் எவரும் வீட்டில் உள்ளுக்கு எடுக்கக்கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

கீழ்க்காய்நெல்லியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் செங்கமாரிக்கு அதை நம்பிப் பல நாட்களை இழப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1988ஆம் ஆண்டில் சென்னை ஆய்வாளர்கள் அதைக் கொண்டு ஈரலழற்சி ‘பி’ வைரசைச் சுமந்திருந்தோரிடம் நல்ல பலன் கண்டதாக வெளியிட்டார்கள். பின்னர் வேறிடங்களில் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. நம் வளவுகளில் அப்பெயரால் பிடுங்கப்படுவதும் ஒரே இனமன்று. தண்டு பச்சையானது ஒன்று, தண்டு சிவந்து காய் சொரசொரப்பானது இன்னொன்று, இலை ஆப்புவடிவில் நிமிர்ந்து நிற்பது மற்றொன்று. செங்கமாரி ஒரு நோயின் அறிகுறி. எலிக்காய்ச்சலாலும் வரும், பித்தக்கல்லாலும் வரும். இரத்தப் பரிசோதனைக்குப் பின்னரே எந்த இலையைப்பற்றியும் பேச வேண்டும். சலரோகத்துக்குக் குறிஞ்சா உண்பவர்களுக்கும் இதையே சொல்வேன். சிறுகுறிஞ்சா இலையை மென்றபின் சீனியை வாயிலிட்டால் இனிப்புத் தெரியாது. பெருங்குறிஞ்சாவுக்கு அந்தக் குணம் இல்லை. இலையை இனங்காண இது நல்ல சோதனை. ஆனால் மாத்திரையோடு இலையையும் சேர்த்து உண்டு சீனி அளவு மிகத் தாழ்ந்து மயங்கி விழாதிருக்க, சிகிச்சை தரும் வைத்தியருக்கு அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

எங்கே பறிக்கிறோம் என்பதைப் பற்றிச் சுருக்கமாகக் குறிப்பிடுகிறேன். வல்லாரையும் பொன்னாங்காணியும் ஈரத்தை நாடுபவை; நகரத்தில் அந்த ஈரம் கழிவுநீர் வாய்க்காலில்தான் கிடைக்கிறது. வல்லாரை மண்ணிலுள்ள பார உலோகங்களைத் தன் இலையில் சேர்த்துக்கொள்ளக்கூடியது, கழுவினால் அவை போகா. களைநாசினி விசிறிய தோட்ட வரம்பு, வாகனம் ஓயாத வீதியோரம், குப்பை எரித்த காணி ஆகியவற்றில் எதையும் பறிக்கக்கூடாது. பாதீனியம் என்னும் களை பரவிய இடத்தில் வெறுங்கையோடு கீரை ஆய்வதும் தோலுக்குத் தீங்கு. பாலைப்பழத்துக்கும் வீரைப்பழத்துக்கும் வன்னிக்குச் செல்வோர், கண்ணிவெடி அபாயக் குறி இட்ட இடங்களையும் சுண்டிக்குளம் போன்ற தேசிய பூங்காக்களையும் விட்டு விலக வேண்டும். முன்னையதில் உயிராபத்து, பின்னையதில் பறிப்பதே குற்றம்.

எவ்வளவு பறிக்கிறோம் என்பது இதைவிடப் பெரிய கேள்வி. இலை ஆய்ந்த கொடி மீண்டும் துளிர்க்கும்; வேரைப் பிடுங்கிய செடி துளிர்க்காது. ஒல்லாந்தர் காலத்தில் துணிக்குச் சிவப்பேற்றும் சாயவேர் இப்பகுதிகளில் அரசின் வருமானத்துக்காக அகழப்பட்டது. இன்று அச்செடியைப் பெயரளவிலேனும் அறிந்தவர்கள் சிலரே. நன்னாரி இப்போது அதே வழியில் செல்வதாக அஞ்சுகிறேன். அதன் மணமான வேருக்காக முழுச்செடியையும் இழுத்தெடுக்கிறார்கள். வித்து உதிர்ந்தபின், பக்கவேர்களிற் சிலவற்றை மட்டும் வெட்டி எடுத்து, தாய்வேரை மண்ணால் மூடிவிட்டு வரும் பழைய முறையை அறிந்தவர்கள் அதை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். சந்தைக்கு வேர் கொண்டுவருவோரிடம் இதை வற்புறுத்துவதைவிட, வீட்டுத் தோட்டத்தில் நன்னாரியை நட்டு வளர்ப்போரை ஊக்குவிப்பது பயன் தரும்.

இனி நான் கேட்க விரும்புவது. ஒவ்வொரு பாடசாலையும் தன் மதிலின் உட்புறத்தில் ஒரு சிறு நீளத்துக்கேனும் உயிர்வேலி ஒன்றை நட வேண்டும். கிளுவைக் கதியாலும் முசுட்டைக் கொடியும் பணம் கேட்பவையல்ல. அதிலுள்ள ஒவ்வொரு செடிக்கும் தமிழ்ப் பெயரோடு தாவரவியற் பெயரையும் எழுதிய பலகை வைக்கப்பட வேண்டும். பேயாவரையும் ஐவிரலியும் அருகிலேயே, நஞ்சு என்ற குறியோடு, வேலியிட்டுக் காட்டப்பட வேண்டும். நல்லதை மட்டும் காட்டும் மூலிகைத் தோட்டங்கள் நம்மிடம் ஏற்கெனவே உண்டு. பிள்ளைகளைக் காக்கப்போவது இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டும் தோட்டமே. கைதடியில் சித்த மருத்துவம் பயிலும் மாணவர்களும், பல்கலைக்கழகத்தின் தாவரவியல் மாணவர்களும் ஆண்டுக்கு ஒரு மழைக்காலத்தில் இப்பணிக்கு வந்தால், அவர்களுடைய கல்விக்கும் அது உதவும்.

கற்பிப்பவர்களாக இன்னொரு சாராரையும் அழைக்க வேண்டும். சந்தையில் சாக்கு விரித்துக் கீரை விற்கும் முதிய பெண்கள் பலர் பல பத்தாண்டுகளாக இவ்விலைகளை ஆய்ந்து வருபவர்கள். இளஞ்சாரணையை எப்போது ஆய வேண்டும், முற்றினால் ஏன் விலக்க வேண்டும், கர்ப்பிணிக்கு அதை ஏன் கொடுக்கக்கூடாது, பிரண்டை ஆய்ந்த கையின் கடியைப் புளியால் எப்படித் தணிப்பது என்பவற்றை அவர்கள் அறிவார்கள். பேராசிரியர் ஒருவருக்குக் கொடுக்கும் மேடையையும் சன்மானத்தையும் அவர்களுக்கும் கொடுத்துப் பாடசாலைக்கு அழைத்தால், அவர்கள் சொல்வதைத் தாவரவியலாளர் சரிபார்க்க, மருத்துவர் எச்சரிக்கைகளைச் சேர்க்க, மூவரும் ஒரே செடியடியில் நிற்க முடியும். இதைச் செய்வதற்கு மாகாணக் கல்வித் திணைக்களத்துக்கும் சுதேச மருத்துவத் திணைக்களத்துக்கும் புதிய சட்டமோ பெரிய ஒதுக்கீடோ தேவையில்லை. திருநெல்வேலியில் அம்மாச்சி உணவகத்தை நடத்தி நம் உணவுக்கு மதிப்பைத் திருப்பித் தந்த விவசாயத் திணைக்களத்தின் அனுபவமும் இதற்குக் கைகொடுக்கும்.

தங்கள் பத்திரிகையிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. மூலிகைக் குறிப்புகள் பல இதழ்களில் வெளிவருகின்றன; பெரும்பாலானவை பயன்களை அடுக்கிவிட்டு முடிகின்றன. செடியின் முழு உருவம், இலையின் கீழ்ப்புறம், பூ, காய் ஆகியவற்றின் தெளிவான படங்களும், அதனோடு மயங்கக்கூடிய செடியின் படமும், யார் உண்ணக்கூடாது என்ற குறிப்பும் இல்லாத எந்த மூலிகைச் செய்தியையும் வெளியிடுவதில்லை என்று தாங்கள் முடிவெடுத்தால் அது மற்றவர்களுக்கும் முன்மாதிரியாகும். ஏதேனும் இலையோ கிழங்கோ உண்டு உடல்நலம் குன்றினால், எஞ்சிய செடியையும், முடிந்தால் சத்தியையும் ஒரு பையிலிட்டு உடனே அரச வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். வீட்டில் சத்தி எடுக்க வைக்கவோ வேறு முறிப்பு மருந்து கொடுக்கவோ கூடாது. கொழும்புத் தேசிய வைத்தியசாலையில் உள்ள நஞ்சுத் தகவல் நிலையத்திடம் வைத்தியர்கள் ஆலோசனை பெற முடியும் என்பதையும் அக்குறிப்புகளின் அடியில் ஒவ்வொரு முறையும் அச்சிட வேண்டும். முதலில் தகரையும் பேயாவரையும், அடுத்துக் கார்த்திகைக் கிழங்கும் வெளிவருமானால், இந்த மழைக்காலத்துக்கே அது உதவும்.

இங்ஙனம்,
தங்கள் நீண்டகால வாசகர்,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்,
கோப்பாய்.